கூடிப் படிக்கும் பிள்ளைகள்: காளிக்குப்பம் தந்த பாடம்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கெல்லாம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் பேச்சு எங்கே போகும்? பிள்ளைகள் படிப்புக்குத்தான் போகும். "எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். பிள்ளை கையில இருக்குறது இங்கிலீஷ் புத்தகம். நான் என்னத்தச் சொல்லிக் குடுக்குறது?" இப்படிக் கேட்காத குழு இல்லை.

இந்தக் கேள்வி இப்போது முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. நம் காரைக்கால் அரசுப் பள்ளிகள் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி வந்தன. பிறகு படிப்படியாக சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. 2024-25 கல்வியாண்டில் எல்லா வகுப்புகளுக்கும் அதுவே வந்துவிட்டது. பாடநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் பேச்சு தமிழில் இருக்கிறது. டியூஷனுக்கு அனுப்ப மாதாமாதம் பணம் வேண்டும். அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளை பின்னால் தங்கிவிடுமோ என்ற பயம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

அந்தப் பயத்துக்குப் பதில் தேடித்தான் இந்த மாதப் பாடம். பதில் வெளியூரிலிருந்து வரவில்லை. நம்ம காரைக்கால் கடற்கரையிலேயே கிடைத்திருக்கிறது.

இரண்டு சொற்களை முதலில் தெரிந்துகொள்வோம்

கலப்புக் கற்றல்: பாடத்தில் ஒரு பகுதியை ஆசிரியர் நேரில் நடத்துகிறார். இன்னொரு பகுதியைப் பிள்ளை கணினியிலோ, டி.வி.யிலோ, செல்போனிலோ பார்த்தும் கேட்டும் கற்கிறது. இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நடந்தால் அதுதான் கலப்புக் கற்றல். ஆசிரியர் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் போனால் அது கலப்பு ஆகாது. சோறு தனியாக, குழம்பு தனியாக வைத்துச் சாப்பிடாமல் விட்ட கதைதான்.

சிறு குழுக் கற்றல்: நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்து, பேசி, வாதாடி, ஒரு முடிவுக்கு வருவது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் நோட்டில் எழுதினால் அது குழு அல்ல, வரிசை. இந்த வித்தியாசம் நமக்கு நன்றாகத் தெரியும். ஒரே வங்கிக் கிளையில் பதினைந்து பேர் தனித்தனியாகக் கணக்கு வைத்திருந்தால் அது சுய உதவிக் குழு ஆகுமா? ஆகாது இல்லையா.

காளிக்குப்பத்தில் என்ன நடந்தது?

காளிக்குப்பம் நம் மாவட்டத்து மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26 சுனாமி நம் கடற்கரையைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிந்திய சில ஆண்டுகளில் அந்த ஊரில் ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் சுகதா மித்ரா என்ற ஆய்வாளர். இவர் 1999ஆம் ஆண்டு டெல்லியில் கால்காஜி என்ற இடத்தில், அலுவலகச் சுவரில் துளை போட்டு, அடுத்த பக்கம் இருந்த குடிசைப் பகுதிப் பிள்ளைகள் பார்க்கும்படி ஒரு கணினியை வைத்தவர். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே பிள்ளைகள் கூட்டமாகக் கூடி அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். "சுவரில் ஒரு துளை" என்று அந்த முயற்சிக்குப் பெயர்.

கணினியை இயக்கப் பிள்ளைகள் தாமே கற்கலாம், சரி. கடினமான பாடத்தையே தாமாகக் கற்க முடியுமா? எந்த இடத்தில் அவர்கள் நின்றுபோவார்கள்? அந்த எல்லையைப் பார்க்கத்தான் காளிக்குப்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வேண்டுமென்றே மிகக் கடினமான பாடமாக எடுத்தார்கள். உடம்பின் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. எப்படித் தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்குகிறது என்ற உயிரியல் பாடம் அது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். பிள்ளைகளோ தமிழ் பேசும் கிராமத்துப் பிள்ளைகள். ஊரில் வைத்த பொதுக் கணினியில் பாடத்தைப் போட்டுவிட்டு, ஆசிரியர் யாரும் இல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் போல் கழித்து வந்து கேட்டபோது, ஒன்றுமே புரியவில்லை என்றார்களாம் பிள்ளைகள். ஆனாலும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது ஒரு சிறுமி கையைத் தூக்கி, டி.என்.ஏ. தவறாகப் பிரதி எடுக்கப்பட்டால் நோய் வரும் என்பதைத் தவிர வேறொன்றும் புரியவில்லை என்று சொன்னாளாம். மித்ரா இதைப் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தேர்வு வைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு சுமார் 30 மதிப்பெண். தொடங்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே தெரியாத பிள்ளைகள் அவர்கள்.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணைப் பிள்ளைகளுக்குத் துணையாக வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு உயிரியல் தெரியாது. அதனால் பாடம் நடத்தச் சொல்லவில்லை. பாட்டிமார் செய்வதைச் செய்யச் சொன்னார்கள். பின்னால் நின்று, "அடடே, இது என்ன? இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அடுத்த பக்கத்துல என்ன இருக்கு? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்பது, கேட்டு மெச்சிக்கொள்வது. இவ்வளவுதான் வேலை.

மறுபடி தேர்வு வைத்தார்கள். சுமார் 30 ஆக இருந்தது சுமார் 50 ஆகிவிட்டது. ஆங்கிலம் சரளமாகப் பேசும், தகுதி பெற்ற ஆசிரியரிடம் அதே பாடத்தைப் படித்த டெல்லித் தனியார் பள்ளிப் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணும் அதே அளவுதான். மித்ராவும் ரிது டங்வால் என்பவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 2010இல் வெளிவந்தது. காளிக்குப்பத்தின் பெயர் உலகம் முழுவதும் கல்வியாளர்கள் பேசும் பெயராகிவிட்டது. நம்மில் பலருக்குத்தான் இது இன்னும் தெரியாது.

இதில் என்ன வேலை செய்தது?

கணினி வந்தது, பிள்ளைகள் படித்துவிட்டார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்லக் கூடாது. மூன்று காரியங்கள் அங்கே ஒன்றாக நடந்தன.

ஒன்று, கருவி. கிராமத்தில் கிடைக்காத பாடத்தை, படத்தை, விளக்கத்தைக் கணினி கொண்டுவந்தது.

இரண்டு, கூட்டம். ஒரு கணினி, பல பிள்ளைகள். ஒருத்தி படிக்கிறாள், இன்னொருத்தன் "அது அப்படி இல்ல" என்கிறான், மூன்றாவது பிள்ளை பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் பார்த்ததைத் தங்களுக்குள் தமிழில் பேசிப் பேசிப் புரிய வைத்துக்கொள்கிறார்கள். மற்றவருக்குச் சொல்லும்போதுதான் நமக்கே எது புரியவில்லை என்பது தெரியும். குழுவில் வட்டிக் கணக்கைப் புது உறுப்பினருக்கு விளக்கிச் சொன்ன எந்த அக்காவுக்கும் இது தெரியும்.

மூன்று, கேட்கும் ஆள். தொடர்ந்து வந்து, அக்கறையோடு கேட்டு, அடுத்து என்ன என்று தூண்டும் ஒரு மனுஷி. 30க்கும் 50க்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்த ஆள்தான்.

மூன்றாவது காரியத்துக்குப் பட்டம் தேவைப்படவில்லை, ஆங்கிலம் தேவைப்படவில்லை. பொறுமையும் ஆர்வமும் தேவைப்பட்டது. "நான் என்னத்தச் சொல்லிக் குடுக்குறது" என்று கேட்கிற அம்மாவுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: சொல்லிக் கொடுக்க வேண்டாம் அக்கா, கேளுங்கள்.

எச்சரிக்கையும் வேண்டும்

நல்ல செய்தியை மட்டும் கேட்டுவிட்டு ஏமாறக் கூடாது. இதே "சுவரில் துளை" முயற்சியை உத்தராகண்ட் மாநிலத்தில் இரண்டு ஊர்களில் போய்ப் பார்த்த பாயல் அரோரா என்ற ஆய்வாளர், அங்கே கணினிகள் செயல்படாமல் போயிருந்ததை 2010இல் எழுதினார். கருவியை வைத்துவிட்டுப் போனால் போதாது. பழுது பார்க்க ஆள் வேண்டும், பள்ளியோடு தொடர்பு வேண்டும், ஊருக்கு அது தன்னுடையது என்ற எண்ணம் வேண்டும்.

காளிக்குப்பத்திலும், கேட்கும் ஆள் வருவதற்கு முன்னால் மதிப்பெண் சுமார் 30தான். பக்கத்து அரசுப் பள்ளியில் அந்தப் பாடம் நடத்தப்பட்ட பிள்ளைகளும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருந்தார்கள். ஆகவே "போன் இருக்கு, வாத்தியார் எதுக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுத்து கற்பிப்பது, தவறைத் திருத்துவது, யாருக்கு எது வரவில்லை என்று கண்டறிவது எல்லாம் ஆசிரியர் வேலை. அதை எந்தத் திரையும் செய்யாது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். போன் இருந்த வீட்டிலும், தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்த பல பிள்ளைகளுக்கு மனசில் ஒன்றும் நிற்கவில்லை. கருவி மட்டும் இருந்தது. கூட்டமும் இல்லை, கேட்கும் ஆளும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" தொடங்கியது. மாலை நேரத்தில், தெருவிலேயே, சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம்மைச் சுற்றியிருக்கும் நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களில் நம் சொந்தக்காரப் பெண்களே அந்த வேலையைச் செய்தார்கள்.

இது புதுசா? நம்ம மண்ணில் பழசு

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்த வழக்கம்தான். மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளை என்பார்கள். சின்னவர்கள் மணலில் விரலால் எழுதுவார்கள், சட்டாம்பிள்ளை திருத்துவான். சென்னையில் 1789இல் ஆண் பிள்ளைகள் அநாதை இல்லம் ஒன்றுக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்து, மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையை நடத்தினார். 1797இல் அதை இங்கிலாந்தில் புத்தகமாக வெளியிட்டார். அங்கே அதற்கு "மெட்ராஸ் முறை" என்றே பெயர் வந்தது.

சட்டாம்பிள்ளை முறையில் ஒரு குறை உண்டு. எப்போதும் ஒருவனே தலைவன். மற்றவர்கள் அடங்கிப் போக வேண்டும். பிரம்பும் அவன் கையில் போய்விடும். இந்தக் குறையை நீக்கி வந்த முறைதான் செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷிவேலிப் பள்ளியைச் சேர்ந்தவர்கள், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் கிராமப் பள்ளிகளுக்காகப் பாட அட்டைகளையும், படிப்படியாக ஏறும் ஏணிப்படி அட்டவணையையும் உருவாக்கினார்கள். அதைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது பரவியது.

அந்த வகுப்பறையில் பெஞ்சு இல்லை. எல்லோரும் பாயில். ஆசிரியரும் கீழே. சுவரில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்த படங்கள். பிள்ளைகள் ஆறு விதமான குழுவில் இருப்பார்கள்: ஆசிரியர் முழுதும் உதவும் குழு, ஆசிரியர் கொஞ்சம் உதவும் குழு, நண்பர் முழுதும் உதவும் குழு, நண்பர் கொஞ்சம் உதவும் குழு, தானே செய்யும் குழு, மதிப்பீட்டுக் குழு. ஒரு பிள்ளை இன்று ஒரு குழுவில் இருக்கும், நாளை வேறு குழுவுக்குப் போகும். யாரும் நிரந்தர மக்கு இல்லை, யாரும் நிரந்தரத் தலைவன் இல்லை.

அப்போது பல பெற்றோர், "பிள்ளைங்க விளையாடுது, டீச்சர் சும்மா தரையில உக்காந்திருக்காங்க" என்று குறைப்பட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். குழு வேலை நடக்கும் வகுப்பில் சத்தம் இருக்கும். அந்தச் சத்தம் பாடத்தைப் பற்றிய சத்தமா, வெறும் கூச்சலா என்று காது கொடுத்துக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒரு பாடத்தை இப்படி நடத்தலாம்

முப்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஒரு டி.வி. அல்லது ஒரு கணினி. பாடம்: எது மிதக்கும், எது மூழ்கும். நேரம் 40 நிமிடம்.

முதல் 5 நிமிடம். டீச்சர் ஒரு முட்டையைக் காட்டுகிறார். தண்ணீரில் போட்டால் மிதக்குமா மூழ்குமா? ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தை நோட்டில் எழுதுகிறது. ஊகம் எழுதின பிள்ளைதான் பதிலுக்குக் காத்திருக்கும்.

அடுத்த 5 நிமிடம். எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கிறார்கள். முடிவு வரும் இடத்துக்கு முன்னால் டீச்சர் படத்தை நிறுத்திவிடுகிறார்.

அடுத்த 15 நிமிடம். ஐந்து ஐந்து பேராக ஆறு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு முட்டை, உப்பு, ஒரு ஸ்பூன். வெறும் தண்ணீரில் முட்டை அடியில் போய்விடும். உப்பை ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டுக் கலக்க வேண்டும். எத்தனையாவது ஸ்பூனில் முட்டை எழும்புகிறது? குழுவில் ஆளுக்கொரு வேலை: ஒருவர் குறிப்பைப் படித்துச் சொல்வார், ஒருவர் உப்புப் போடுவார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் வகுப்புக்குச் சொல்வார். அடுத்த பாடத்தில் வேலை மாறும். இன்று எழுதியவர் நாளை பேசுவார்.

அடுத்த 10 நிமிடம். ஆறு குழுவும் சொல்கின்றன. ஒரு குழுவுக்கு மூன்று ஸ்பூன், இன்னொன்றுக்கு ஐந்து. ஏன் வித்தியாசம்? டம்ளர் பெரிதா, ஸ்பூன் கோபுரமாக இருந்ததா, உப்பு சரியாகக் கரையவில்லையா? இந்த வாக்குவாதம்தான் பாடத்தின் உயிர். இது தமிழில் நடக்கட்டும். பிறகு டீச்சர் மீதிப் படத்தைப் போட்டு, உப்புத் தண்ணீர் கனமானது, அதனால் முட்டையை மேலே தாங்குகிறது என்று முடித்து வைக்கிறார். மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் ஆங்கிலச் சொல்லை அப்போது எழுதிப் போடுகிறார். பொருள் முதலில் புரிந்துவிட்டதால் சொல் ஒட்டிக்கொள்கிறது.

கடைசி 5 நிமிடம். ஒவ்வொரு பிள்ளையும் தனியாக இரண்டு வரி எழுதுகிறது. இதை விட்டுவிடக் கூடாது. குழுவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பிள்ளை யார் என்று இந்த இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

வீட்டுப்பாடம்: "உப்புத் தண்ணீரில் முட்டை மிதப்பதை நம் ஊரில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? அம்மாவிடம் கேட்டு வா."

நடவு, நாற்றங்கால் வேலை தெரிந்த சகோதரிகள் இப்போதே சிரித்திருப்பீர்கள். விதைநெல் தேர்வு! உப்புக் கரைத்த தண்ணீரில் நல்ல முட்டையைப் போட்டு, அது மேலே வந்து நாணயம் அளவு வெளியே தெரியும்போது, விதைநெல்லைக் கொட்டுவோம். பதரும் அரைகுறை நெல்லும் மிதக்கும், அள்ளிவிடுவோம். மூழ்கின மணியான நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசிவிட்டு விதைப்போம். அலசாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். படிக்காத அம்மா என்று யாரைச் சொன்னோம்? அந்த அம்மாவிடம்தான் அந்தப் பாடத்தின் கடைசிப் பக்கம் இருக்கிறது.

தெருவில் நாம் செய்யக்கூடியது

வாரம் மூன்று நாள், மாலை ஒரு மணி நேரம். ஒரே தெருவில் உள்ள நாலைந்து பிள்ளைகள். ஒரு திண்ணை. ஒரு போன். ஒரு கேட்கும் ஆள். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மீன் விற்கப் போகிற அக்காவும் வயல் வேலைக்குப் போகிற அக்காவும் முறை வைத்துக்கொண்டால், ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள்கூட வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாமாரையும் முறையில் சேர்க்கலாம். கேட்கிற வேலை பெண்களுக்கு மட்டும் என்று யார் சொன்னது?

பாடநூலில் அங்கங்கே கட்டம் கட்டமாக ஒரு சதுரக் குறி இருக்கும். அது கியூ.ஆர். குறி. 2017இல் தொடங்கிய அரசின் "தீக்ஷா" செயலியில் அதைக் காட்டினால், அந்தப் பாடத்துக்கு உரிய படமும் பயிற்சியும் வரும். எப்படி என்று பள்ளி ஆசிரியரிடம் ஒரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

கேட்கும் ஆள் கேட்க வேண்டியவை:

1. இன்னைக்கு என்ன பார்த்தீங்க? எனக்குத் தமிழ்ல சொல்லுங்க.
2. இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க.
3. இதை ஒத்துக்காதவங்க யாரு? நீ என்ன நினைக்கிற?
4. நம்ம வீட்டுல, வயல்ல, கடல்ல இது எங்க நடக்குது?
5. இதுல புரியாதது எது? அதை நாளைக்கு டீச்சர்கிட்ட யார் கேக்கப் போறீங்க?
6. இவ்வளவு நேரம் பேசாத பிள்ளை யாரு? இப்ப நீ சொல்லும்மா.

செய்யக் கூடாதவை:

1. விடையை நாமே சொல்லிவிடுவது. தெரிந்தாலும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.
2. "இதுகூடத் தெரியலையா" என்று ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை முன்னால் மட்டம் தட்டுவது.
3. போனை ஒரே பிள்ளை கையில் விட்டுவிடுவது. பல வீடுகளில் பையன் கையில் போன், பொண்ணு கையில் விளக்குமாறு. குழுவில் பெண் பிள்ளையும் சமமாகப் போனைப் பிடிக்க வேண்டும்.
4. ஏழெட்டுப் பேரை ஒரே குழுவாக்குவது. பின்னால் இருக்கும் பிள்ளைக்குத் திரையும் தெரியாது, பேசவும் முறை வராது.
5. ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுப்பது. பாதி நேரம் திரை, பாதி நேரம் பேச்சும் கைவேலையும்.

போன் விஷயத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. குழுக் கணக்கோ சொந்தக் கணக்கோ இணைத்திருக்கும் போனைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் இருப்பது நல்லது. வேறு போன் இல்லையென்றால், பணம் அனுப்பும் செயலிகளுக்குத் தனிப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொடுங்கள். ரகசிய எண்ணும் ஓ.டி.பி.யும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. போன் எப்போதும் எல்லோரும் பார்க்கும் திண்ணையில் இருக்கட்டும், அறைக்குள் வேண்டாம்.

பள்ளியில் நாம் கேட்கக்கூடியது

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவுப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். சலுகையாகத் தந்ததல்ல இது, சட்டம் தந்த இடம். கையெழுத்துப் போட மட்டும் போகாமல், இவற்றைக் கேளுங்கள்:

1. பள்ளியில் கணினி, ஸ்மார்ட் வகுப்பு இருக்கிறதா? வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளைகள் கை படுகிறது? பூட்டிக் கிடக்கிறதா?
2. பழுதானால் யாரிடம் சொல்வது? சொல்லி எத்தனை நாள் ஆகிறது?
3. படம் போட்ட பிறகு பிள்ளைகளுக்கு என்ன வேலை தரப்படுகிறது? பார்ப்பதோடு முடிந்துவிடுகிறதா?
4. குழுக்கள் மாறுகின்றனவா? நன்றாகப் படிப்பவர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் என்று நிரந்தரமாகப் பிரிந்து கிடக்கிறதா?
5. தமிழில் பேசிப் புரிந்துகொள்ள வகுப்பில் இடம் உண்டா?

கேட்கும்போது தொனி முக்கியம். ஆசிரியர் நம் எதிரி அல்ல. பதிவேடு, கணக்கெடுப்பு என்று அவர்களுக்கும் ஆயிரம் வேலை. முட்டையும் உப்பும் டம்ளரும் வேண்டுமென்றால் நாங்கள் கொண்டுவருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். குறை சொல்லப் போன இடத்தில் கூட்டாளி ஆகிவிடுவோம்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

இந்தப் பாடத்தை எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சகோதரி சத்தமாகப் படிக்கட்டும். பிறகு நாலைந்து பேராகப் பிரிந்து பத்து நிமிடம் பேசுங்கள். ஆம், பிள்ளைகளுக்குச் சொன்னதை நாமும் செய்து பார்ப்போம்.

1. நம் தெருவில் மாலையில் சேர்ந்து உட்காரக்கூடிய பிள்ளைகள் யார் யார்? எந்த வகுப்பு?
2. யார் வீட்டுத் திண்ணை? வாரத்தில் எந்த மூன்று நாள்?
3. கேட்கும் ஆளாக முறை வைக்கச் சம்மதிப்பவர் யார்? எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிகளையும் கட்டாயம் சேருங்கள்.
4. நம் குழுவில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் யாராவது உண்டா? அடுத்த கூட்டத்தில் அவர் என்ன கேட்கப் போகிறார்?
5. நமக்கு மட்டுமே தெரிந்த எந்த வேலையைப் பிள்ளைகளுக்குப் பாடமாகக் காட்டலாம்? கருவாடு போடுவது, விதைநெல் தேர்வு, வலை பின்னுவது, வட்டிக் கணக்கு.

முடிவானதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஒரு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். ஒரு கிராமத்தில் நின்றுபோனது ஏன் என்று தெரிந்தால் அடுத்த கிராமம் அதைத் தவிர்த்துக்கொள்ளும்.

காளிக்குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றவர் கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பெண். நம் ஒவ்வொரு குழுவிலும் கணக்கு எழுதும் பெண் ஒருத்தி இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் பதினோரு பேர், பதினைந்து பேர் இருக்கிறோம். பிள்ளைகளும் இருக்கிறார்கள். திண்ணையும் இருக்கிறது. இன்று மாலை முதல் கேள்வியைக் கேட்டுவிடுவோம்: "இன்னைக்கு என்ன படிச்சே? எனக்கும் சொல்லேன்."